போருக்குப் போற படையைப் பாராளுமன்றம் மறிக்கேலுமோ? ஆரம்பத்திலயிருந்து ஒரு விளக்கம்

என்னட்ட ஏ.எல் அரசறிவியல் ரியூசனுக்கு வாற பிள்ளையளில ஒண்டு போன கிழமை கேட்டுது, "சேர், யேமன் போருக்கு உதவுறதை நிப்பாட்டச் சொல்லி அமெரிக்காவில ரெண்டு சபையும் வாக்குப் போட்டதாம், பிறகு ஜனாதிபதி ஒரு கையெழுத்தில அதை நிராகரிச்சிட்டாராம், அப்ப அவ்வளவு பேர் இருந்து வாக்குப் போட்டது எதுக்கு?" எண்டு. நல்ல கேள்வி. வகுப்பில பத்து நிமிசத்தில சொல்லி முடிக்கிற விசயமில்லை, அதான் இஞ்ச ஆறுதலா எழுதுறன், சட்டம் படிக்காத ஆக்களுக்கும் விளங்கிற மாதிரி.

முதல்ல இரணைமடுக் குளத்துக்கு வாங்கோ. சிறுபோகம் தொடங்க முதல் ஒரு கூட்டம் நடக்கும், கிளிநொச்சி ஆக்களுக்குத் தெரியும். அரசாங்க அதிபர் இருப்பார், நீர்ப்பாசன எஞ்சினியர் இருப்பார், கமக்காரர் அமைப்புக்காரர் எல்லாரும் வந்திருப்பினம். குளத்தில எத்தின அடி தண்ணி நிக்குது, அதை வைச்சு எத்தின ஏக்கர் செய்யலாம், எந்தத் திகதியில தண்ணி திறக்கிறது, எப்ப பூட்டுறது, எல்லாம் அங்க கதைச்சு, சண்டை பிடிச்சு, கடைசியில ஒரு முடிவுக்கு வரும். அந்தக் கூட்டம் முடியாமல் எஞ்சினியர் தன்ர எண்ணத்துக்கு வாய்க்காலுக்குத் தண்ணி விடேலாது. ஆனா 2018 டிசம்பர் வெள்ளத்தை நினைச்சுப் பாருங்கோ. ராவோடராவா தண்ணி ஏறுது, அந்த நேரம் வான் கதவைத் திறக்கக் கூட்டம் கூப்பிட்டுக்கொண்டு இருக்கேலுமே? அங்க திறக்கிற அதிகாரம் கதவடியில நிக்கிறவருக்குத்தான்.

அமெரிக்க அரசியலமைப்பை எழுதின ஆக்கள் போரைப் பற்றி யோசிச்சது கிட்டத்தட்ட இதே மாதிரித்தான். போர் அறிவிக்கிற அதிகாரம் காங்கிரசுக்கு, அதாவது செனட், பிரதிநிதிகள் சபை எண்ட ரெண்டு சபைக்கும். படைக்குத் தலைமைத் தளபதி ஜனாதிபதி. ஆரும் திடீரெண்டு அடிச்சா வெள்ளத்துக்குக் கதவு திறக்கிற மாதிரி அவர் உடன திருப்பி அடிக்கலாம். ஆனா தாங்களா ஒரு போரைத் தொடங்கிறதெண்டா அது போகக் கூட்டம் மாதிரி, எல்லாரும் இருந்து முடிவெடுக்கவேணும்.

எழுத்தில அப்பிடி. நடந்தது வேற. அமெரிக்கக் காங்கிரஸ் கடைசியா முறைப்படி போர் அறிவிச்சது 1942ல. அதுக்குப் பிறகு கொரியா, வியட்நாம், ஈராக், ஆப்கானிஸ்தான் எண்டு எத்தின சண்டை, ஒண்டுக்கும் அந்த அறிவிப்பு இல்லை. சிலதுக்கு "படையைப் பாவிக்கலாம்" எண்டு ஒரு தீர்மானம் இருந்தது, கொரியாவுக்கு அதுவும் இல்லை. 1964 ஓகஸ்ட்டில வியட்நாமுக்கு அப்பிடி ஒரு தீர்மானம் போச்சு, ரொங்கின் குடாத் தீர்மானம் எண்டு சொல்லுவினம், பிரதிநிதிகள் சபையில 416க்கு 0, செனட்டில 88க்கு 2. எதிர்த்தது ரெண்டே ரெண்டு செனட்டர்மார், வெய்ன் மோர்சும் ஏர்னஸ்ட் குரூனிங்கும். வெத்துத் தாளில கையெழுத்து வைச்சுக் குடுத்த மாதிரி ஒரு தீர்மானம், அதை வைச்சுத்தான் அஞ்சு லட்சத்துக்கு மேல படை அங்க போனது. பிறகு பிழையை விளங்கி 1971 சனவரியில அதை ரத்துச் செய்தவை, அதுக்குள்ள எத்தின ஆயிரம் உயிர் போயிட்டுது, ரத்துச் செய்தும் சண்டை நிக்கேல்ல.

அப்ப ஒரு பாராளுமன்றத்தின்ர கையில உண்மையா என்ன ஆயுதம் இருக்கு? என்னைக் கேட்டா காசுதான். எங்கட கிராம அபிவிருத்திச் சங்கத்திலயும் அப்பிடித்தானே, தலைவர் என்னத்தையும் சொல்லலாம், பொருளாளர் செக்கில கையெழுத்து வைக்காட்டி ஒரு மூட்டை சீமெந்தும் வராது. படைக்கு எண்ணெய், சாப்பாடு, குண்டு, சம்பளம் எல்லாத்துக்கும் ஒதுக்கீடு காங்கிரசிலயிருந்துதான் வரவேணும். "இந்தக் காசில ஒரு சதமும் இந்த நாட்டில இந்த வேலைக்குச் செலவழிக்கக் கூடாது" எண்டு ஒரு வரி சட்டத்தில போட்டா, அதுக்கு மேல படை அங்க நிக்கிறது கஷ்டம்.

கம்போடியாவில இது நடந்தது. 1970ல அப்ப ஜனாதிபதியா இருந்த நிக்சன் அங்க தரைப்படையை அனுப்பினார், குழம்பிப்போய் கூப்பர், சேர்ச் எண்ட ரெண்டு செனட்டர்மார் தரைப்படைக்குக் காசு இல்லை எண்டு ஒரு திருத்தம் கொண்டுவந்தவை, 1971 சனவரியில அது சட்டமாச்சு. தரைப்படைக்குத்தான் தடை, விமானத்துக்கு இல்லை, அதால குண்டு போடுறது நிக்கேல்ல. 1973 யூன் மாசம் குண்டுவீச்சுக்கும் காசில்லை எண்டு சட்டம் போட்டினம், நிக்சன் அதை வீட்டோ செய்தார், அதாவது ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பினார், காங்கிரஸ் விடேல்ல, அரசாங்கம் நடத்திறதுக்கு வேண்டிய ஒதுக்கீட்டோடயே அதைக் கொழுவி விட்டுது, கடைசியில ரெண்டு பக்கமும் இணங்கி ஒரு திகதி வைச்சினம், 1973 ஓகஸ்ட் 15. அண்டையோட குண்டுவீச்சு நிண்டது, மெய்யாவே நிண்டது.

அந்தத் திகதிக்கு ஒன்பது நாளுக்கு முதல், ஓகஸ்ட் 6ம் திகதி, ஒரு பி-52 விமானம் இடம் பிழைச்சு நியாக் லுவோங் எண்ட ஊருக்கு மேல குண்டைக் கொட்டினது. 137 பேர் செத்ததாக் கணக்கு. தலைநகரில இருந்து பேரம் பேசி ஒண்டரை மாசம் அவகாசம் குடுத்தவை, அந்த ஒண்டரை மாசத்துக்குள்ளதான் அந்த ஊர் இருந்தது. ஒரு கிழமை, பத்து நாள் எண்டா என்னெண்டு வன்னியில இருந்த ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அதே 1973 நவம்பர் 7ம் திகதிதான் இப்ப செய்தியில அடிபடுற போர் அதிகாரச் சட்டம் வந்தது. நிக்சன் அதையும் வீட்டோ செய்தார், ஆனா இந்த முறை ரெண்டு சபையிலயும் மூண்டில ரெண்டு பங்குக்கு மேல சேர்ந்து வீட்டோவை முறிச்சினம், 284க்கு 135, 75க்கு 18. சட்டம் சொல்லுறது சுருக்கமா இதுதான்: ஜனாதிபதி படையைச் சண்டைக்குள்ள இறக்கினா 48 மணித்தியாலத்துக்குள்ள காங்கிரசுக்கு அறிவிக்கவேணும், 60 நாளுக்குள்ள காங்கிரசின்ர அனுமதி கிடைக்காட்டி படையை எடுக்கவேணும், பத்திரமாப் பின்வாங்க வேணுமெண்டா இன்னுமொரு 30 நாள். இடையிலயும் காங்கிரஸ் ஒரு தீர்மானம் போட்டு "எடு" எண்டு சொல்லலாம்.

இந்தக் கடைசி விசயத்திலதான் சிக்கல். சட்டம் எழுதேக்க ரெண்டு சபையும் சேர்ந்து தீர்மானம் போட்டாப் போதும், ஜனாதிபதியின்ர கையெழுத்து வேண்டாம் எண்டுதான் எழுதினவை. 1983ல உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில, ஜனாதிபதியிட்டப் போகாத தீர்மானத்துக்குச் சட்ட வலு இல்லை எண்டு தீர்ப்புச் சொல்லிட்டுது. அதுக்குப் பிறகு இப்பிடியான தீர்மானமும் சாதாரண சட்டம் மாதிரி அவற்ற மேசைக்குப் போகவேண்டி வந்தது. ஆரைத் தடுக்கிறதுக்குச் சட்டம் போட்டினமோ அவரிட்டயே கையெழுத்துக் கேட்கவேண்டின நிலை. அவர் வீட்டோ போட்டா மூண்டில ரெண்டு பங்கு வேணும். 100 செனட்டரும் வந்திருந்தா 67 வாக்கு. இந்த 67 எண்ட இலக்கத்தை மறக்காதேங்கோ, என்ர பிள்ளையளுக்கும் கொப்பியில பெரிசா எழுதச் சொன்னனான்.

இன்னொரு ஓட்டையும் இருக்கு, அது ஒரு சொல்லுக்குள்ள. "சண்டை நடவடிக்கை" எண்டா என்ன? 2011 மார்ச் 19ல லிபியாவில குண்டு போடத் தொடங்கினவை, மே மாசம் 60 நாள் முடிஞ்சுது, அனுமதியும் இல்லை, குண்டும் நிக்கேல்ல. ஒபாமா அரசாங்கம் சொன்ன விளக்கம், எங்கட தரைப்படை அங்க இல்லை, எங்கட ஆக்கள் சாகேல்ல, அதால இது சட்டம் சொல்லுற சண்டை நடவடிக்கை இல்லை எண்டு. மேல விமானம் பறந்து கீழ குண்டு விழுந்தா அது சண்டையோ இல்லையோ எண்டு கீழ நிக்கிற ஆளிட்ட ஒருத்தரும் கேட்கிறதில்லை. எனக்கு இதில ஆகக் கவலையான இடம் 2011 யூன் 24. அண்டைக்குப் பிரதிநிதிகள் சபையில லிபியா நடவடிக்கைக்கு அனுமதி குடுக்கிற தீர்மானம் 123க்கு 295 எண்டு தோத்துது. சரி, அப்ப நிப்பாட்டுவினமாக்கும் எண்டு பார்த்தா, அதே நாள் காசைக் குறைக்கிற சட்டமும் 180க்கு 238 எண்டு தோத்துது. அனுமதியும் இல்லை, தடையும் இல்லை. பொறுப்பெடுக்க ஒருத்தருக்கும் மனமில்லாட்டி எந்தச் சட்டமும் என்ன செய்யிறது.

காசை மறிச்சு உண்மையா நிண்டதுக்கு இன்னொரு உதாரணம் சோமாலியா. 1993 ஒக்டோபர் மொகாதிசுவில 18 அமெரிக்கப் படையினர் செத்த கையோட, 1994 மார்ச் 31க்குப் பிறகு அங்க நிக்கக் காசில்லை எண்டு சட்டம் வந்தது, படை வெளியேறினது. தங்கட பெடியள் செத்தா இது கெதியா நடக்குது. மற்றவன்ர பிள்ளை செத்தா?

அதுக்குத்தான் யேமனுக்கு வாறன்.

2015 மார்ச்சில சவூதி தலைமையில கூட்டுப்படை யேமனில அரசாங்கத்தை எதிர்த்துச் சண்டை பிடிச்ச ஹூதிகள் எண்ட ஆயுதக் குழுவுக்கு எதிரா வான் தாக்குதல் தொடங்கினது. அமெரிக்க விமானம் நேரடியா அந்தக் குண்டைப் போடேல்ல, ஆனா போட்ட விமானத்துக்கு ஆகாயத்திலயே எண்ணெய் நிரப்பினது அமெரிக்க ராங்கர் விமானம், உளவுத் தகவல் குடுத்தது அமெரிக்கா, குண்டு வித்ததும் அமெரிக்கா. அந்த எண்ணெய்க் குழாய் இல்லாட்டி சவூதி விமானம் கனநேரம் மேல சுத்திக்கொண்டு நிண்டு இலக்குத் தேடேலாது. 2018 ஓகஸ்ட் 9ம் திகதி வடக்கு யேமனில தஹ்யான் எண்ட இடத்தில, சந்தைக்குள்ள நிண்ட ஒரு பஸ்சில குண்டு விழுந்தது. சுற்றுலா போன பள்ளிக்கூடப் பிள்ளையள். செத்தது 51 பேர், அதில 40 பேர் சின்னப் பிள்ளையள். குண்டு அமெரிக்கத் தயாரிப்பு. வந்த படங்களில இரத்தத்துக்குள்ள நீல நிற யுனிசெப் பை கிடந்தது. 2010ல நாங்கள் முகாமால ஊருக்குத் திரும்பி வந்து தறப்பாள் கொட்டிலுக்குள்ள பள்ளிக்கூடம் தொடங்கினபோது எங்கட பிள்ளையளுக்குக் குடுத்ததும் அதே நீலப் பைதான். பட்டி பிஞ்ச ஒண்டு இப்பவும் எங்கட வீட்டு அட்டாளையில கிடக்கு, தேங்காய் போட்டு வைச்சிருக்கிறம். அந்தப் படத்தைப் பார்த்திட்டு அண்டைக்கு என்னால வகுப்பெடுக்க ஏலேல்ல.

இப்ப காங்கிரசில என்ன நடந்தது எண்டு பாருங்கோ. பேர்ணி சாண்டேர்ஸ், மைக் லீ, கிறிஸ் மேர்பி எண்ட மூண்டு செனட்டர்மார், ஒருத்தர் சுயேச்சை, ஒருத்தர் குடியரசுக் கட்சி, ஒருத்தர் ஜனநாயகக் கட்சி, போர் அதிகாரச் சட்டத்துக்குக் கீழ ஒரு தீர்மானம் கொண்டுவந்தவை. 2018 மார்ச்சில தோத்துது, 44க்கு 55. பிறகு அந்த பஸ், ஒக்டோபரில பத்திரிகையாளர் ஜமால் கஷோக்ஜி இஸ்தான்புல்லில இருக்கிற சவூதித் துணைத்தூதரகத்துக்குள்ள கொலை செய்யப்பட்டது. டிசம்பர் 13ம் திகதி அதே செனட்டில 56க்கு 41 எண்டு வெண்டுது. மற்றச் சபை அந்த வருசம் அதை எடுக்கேல்ல. 2019ல திருப்பித் தொடங்கினவை, மார்ச்சில செனட் 54க்கு 46, ஏப்ரலில பிரதிநிதிகள் சபை 247க்கு 175. அந்தச் சட்டம் வந்து கிட்டத்தட்ட 45 வருசத்துக்குப் பிறகு முதல் தடவையா இப்பிடி ஒரு தீர்மானம் ரெண்டு சபையும் தாண்டி ஜனாதிபதியின்ர மேசைக்குப் போனது. "சண்டை நடவடிக்கை" எண்ட சொல்லில லிபியா மாதிரி வழுக்க விடக்கூடாதெண்டு, ஆகாயத்தில எண்ணெய் நிரப்புறதும் அதுக்குள்ள அடங்கும் எண்டு அந்தத் தீர்மானத்திலயே எழுதி வைச்சவை. எனக்கு மிச்சம் பிடிச்ச வரி அதுதான், குழாயைப் பேர் சொல்லிப் பிடிச்ச வரி.

ஏப்ரல் 16ல டிரம்ப் வீட்டோ போட்டார். மே 2ல முறிக்கப் பார்த்தவை, 53க்கு 45. அண்டைக்கு வாக்குப் போட்ட ஆக்களின்ர கணக்குக்கு 66 வேணும். பதின்மூண்டு வாக்கு காணாது.

இனி அந்தப் பிள்ளையின்ர கேள்விக்கு வாறன், அப்ப எதுக்கு வாக்குப் போட்டது எண்டு. தீர்மானம் சட்டமாகேல்ல, உண்மை. ஆனா எண்ணெய் நிரப்புறது 2018 நவம்பரிலயே நிண்டிட்டுது, முதல் தீர்மானம் செனட்டில வெல்ல ஒரு மாசம் முதல், அந்த வாக்கெடுப்பு வரப்போகுது எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்த நேரத்தில. செனட்டில 56 வாக்கு விழுந்த அதே டிசம்பர் 13லதான் சுவீடனில யேமனின்ர ஹொடைடா துறைமுகத்துக்கான போர்நிறுத்த உடன்பாடும் வந்தது. இதால அது நடந்தது எண்டு நேர்கோடு போட்டுக் காட்ட ஏலாது, பேச்சு ஏற்கனவே நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனா சவூதிக்கும் வெள்ளை மாளிகைக்கும் அந்த நேரம் வந்த நெருக்குதலில வாக்கெடுப்புக்கும் பங்கு இருக்கு எண்டுதான் நான் நினைக்கிறன். 2021 பெப்ரவரியில பைடன் வந்து, யேமனில தாக்குதல் நடவடிக்கைக்கு உதவுறதை முடிக்கிறம் எண்டு அறிவிச்சார். இடையில ரெண்டு வருசம் போயிட்டுது.

இனி காலக்கெடு. சட்டத்தில 60 நாள், ஒரு மாசம் எண்டு எழுதினாலே பாதுகாப்பு எண்டு கனபேர் நினைக்கினம். தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை, பற்றரி இல்லை, எங்கட அப்பா சைக்கிளைக் கவிட்டு வைப்பார், நான் கையால பெடலைச் சுத்துவன், டைனமோவில ரேடியோ பாடும். கை நோகுதெண்டு வேகத்தைக் குறைச்சா செய்தி வாசிக்கிறவரின்ர குரலும் இழுபட்டு இறங்கும், அப்பா ஒரு பார்வை பார்ப்பார். அப்பிடிக் கேட்ட செய்தியில மாசாமாசம் தவறாமல் வாற ஒரு வரி, "அவசரகாலச் சட்டம் மேலும் ஒரு மாதத்துக்கு நீடிக்கப்பட்டது". அதுக்கும் பாராளுமன்றத்தில வாக்கெடுப்பு நடக்கும், பார்க்கப்போனா நல்ல இறுக்கமான காலக்கெடு, ஒரு மாசம்தான். நடந்தது என்ன, வருசக்கணக்கா மாசாமாசம் முத்திரை குத்தினது. 90 நாளுக்கு மேல போனா மூண்டில ரெண்டு பங்கு வேணும் எண்டு 1978 அரசியலமைப்பில இருந்த பிறேக்கை 1986ல பத்தாவது திருத்தத்தில பாராளுமன்றமே தன்ர கையால கழட்டிப்போட்டுது. அதால காலக்கெடு மட்டும் காணாது, முடிஞ்சாப் பிறகு நீடிக்கிறது கஷ்டமா இருக்கவேணும்.

காலக்கெடுவே இல்லாட்டி இன்னும் மோசம். 2001 செப்ரெம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கா போட்ட அனுமதியின்ர முக்கியமான வரி 60 சொல்லுத்தான், அதில நாட்டுப் பேரும் இல்லை, முடிவுத் திகதியும் இல்லை. பிரதிநிதிகள் சபையில 420 பேர் ஆதரவு, எதிர்த்தது பாபரா லீ எண்ட ஒரேயொரு பொம்பிளை. அந்த 60 சொல்லைக் காட்டி ஆப்கானிஸ்தானைத் தாண்டி எத்தினையோ நாட்டில நடவடிக்கை நடந்தது.

மற்ற நாடுகளில எப்பிடி? பிரித்தானியாவில எழுதின சட்டம் இல்லை, வழக்கம்தான். 2013 ஓகஸ்ட் 29ல சிரியாவுக்கு அடிக்கக் கேட்ட பிரதமர் கமரூன் 285க்கு 272 எண்டு தோத்தார், ஏற்றுக்கொண்டார். 2018 ஏப்ரலில பிரதமர் தெரேசா மே கேட்காமலே அடிச்சார். வழக்கம் எண்டா அவ்வளவுதான்.

ஜேர்மனியைத்தான் நான் பிள்ளையளுக்கு வடிவா படிப்பிக்கிறனான். 1994ல அவையின்ர அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது, ஆயுதப்படையை வெளிநாட்டுக்கு அனுப்பப் பாராளுமன்றத்தின்ர சம்மதம் வேணும் எண்டு, 2005ல அதைச் சட்டமாவும் ஆக்கினவை. அரசாங்கம் குடுக்கிற விண்ணப்பத்தில என்ன வேலை, எந்த இடம், ஆகக்கூடினது எத்தின படையினர், எவ்வளவு காலம், எவ்வளவு செலவு எல்லாம் எழுதவேணும். வழமையா ஒரு வருசத்துக்குத்தான் குடுப்பினம், பிறகு திருப்பி வந்து கேட்கவேணும், நடுவில படையைத் திருப்பிக் கூப்பிடவும் பாராளுமன்றத்துக்கு உரிமை இருக்கு. எங்கட போகக் கூட்டத்தில ஏக்கரும் திகதியும் எழுதிற மாதிரியே இருக்கு, பாருங்கோ.

ஆயுதம் குடுக்கிற பக்கத்திலயும் சட்டம் தலையிடலாம், அதில எங்கட கதையும் இருக்கு. 2007 டிசம்பரில அமெரிக்கக் காங்கிரஸ் ஒதுக்கீட்டுச் சட்டத்தில இலங்கைக்கான இராணுவ உதவிக்கு மனித உரிமை நிபந்தனை போட்டுக் கட்டுப்படுத்தினது. ஆனா கடல், வான் கண்காணிப்புக் கருவியளுக்கு விலக்கு வைச்சினம். மிச்ச ஆயுதத்தைக் கொழும்பு வேற நாடுகளிட்ட வாங்கினது. 2009 மே வரைக்கும் என்ன நடந்தது எண்டு முள்ளிவாய்க்காலால வந்த ஆக்களுக்கு நான் எழுதிக்காட்டத் தேவையில்லை. ஒரு நாடு மட்டும் கதவைப் பூட்டினாப் பக்கத்துக் கதவு திறந்திருக்கும், அதுவும் விலக்கு எண்ட யன்னலை விட்டிட்டுப் பூட்டினா.

வகுப்பில இதெல்லாம் சொல்லி முடிய அந்தப் பிள்ளை இன்னொண்டு கேட்டுது. "சேர், இந்திய ஆமி இஞ்ச வரேக்க டெல்லியில எத்தின பேர் எதிர்த்து வாக்குப் போட்டவை?"

1987 யூலை 29ல கொழும்பில ராஜீவ் காந்தியும் எங்கட ஜனாதிபதி ஜே.ஆரும் ஒப்பந்தத்தில கையெழுத்து வைக்க, அடுத்த நாளே படை வந்து இறங்கத் தொடங்கினது. எனக்கு அப்ப ஏழு வயசு, எங்கட ஒழுங்கை முகப்பில சென்றி, ஒரு ஆமிக்காரர் சப்பாத்தி தந்தவர், ஒக்டோபரில புலியளோட சண்டை தொடங்கினாப் பிறகு அதே சென்றியைத் தாண்டிப் போக அம்மா என்னைத் தன்ர சீலைக்குள்ள மறைச்சுக் கூட்டிக்கொண்டு போனவ. 1990 மார்ச் 24ல கடைசிப் படை போகேக்க இந்தியப் படையிலயே 1,100க்கு மேல செத்திருந்தவை, எங்கட சனம் எவ்வளவோ. படையை வெளிநாட்டுக்கு அனுப்ப முதல் பாராளுமன்றத்தின்ர அனுமதி எடுக்கவேணும் எண்டு இந்திய அரசியலமைப்பில ஒரு வரி அப்பவும் இல்லை, இப்பவும் இல்லை. சபையில விவாதம் நடந்தது, கேள்வி கேட்டவை. அனுப்பலாமோ எண்டு கேட்டு வாக்கெடுப்பு நடக்கேல்ல, அதால எதிர்த்தது ஆர் எண்டு பார்க்க ஒரு பேர்ப்பட்டியலும் இல்லை. அதைத்தான் பிள்ளைக்குச் சொன்னன்.